தேசிய உறுதிமொழிகளில் கடவுள்: சட்டத்தில் இருப்பது எது, சடங்கில் ஒட்டிக்கொண்டது எது?

பதிவு 1 | கல்வெட்டு

அமெரிக்க அதிபர் பதவியேற்கும்போது கடைசியாகச் சொல்லும் "கடவுள் எனக்குத் துணை நிற்பாராக" என்ற வரி அந்நாட்டு அரசமைப்பிலேயே இருக்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இரண்டாம் பிரிவில் உள்ள அதிபர் உறுதிமொழி ஆங்கிலத்தில் மொத்தம் 35 சொற்கள். அதில் கடவுள் கிடையாது, பைபிள் கிடையாது, கையை எங்கே வைக்க வேண்டும் என்ற பேச்சும் கிடையாது. "ஆணையிடுகிறேன் (அல்லது உறுதி கூறுகிறேன்)" என்று ஒரு மாற்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் பிரிவு இன்னும் கறாரானது: எந்த அரசுப் பதவிக்கும் மதச் சோதனையைத் தகுதியாக வைக்கவே கூடாது.

முதல் நாடாளுமன்றம் இயற்றிய முதல் சட்டமே உறுதிமொழி பற்றியதுதான், 1789 ஜூன் 1. "அமெரிக்க அரசமைப்பை ஆதரிப்பேன்" என்ற ஒற்றை வரி. அதிலும் கடவுள் பெயர் இல்லை.

பிறகு எப்படி வந்தது? ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கூட்டாட்சி அலுவலர் உறுதிமொழியில் சேர்ந்தது 1862-ல், உள்நாட்டுப் போர் நடுவில். நாணயத்தில் "கடவுளை நம்புகிறோம்" வந்தது 1864-ல், அதே போர். பள்ளிக்கூடக் கொடி உறுதிமொழியில் "கடவுளின் கீழ்" நுழைந்தது 1954 ஜூன் 14, சோவியத் எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது. நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமாக "கடவுளை நம்புகிறோம்" ஆனது 1956. அந்தக் கொடி உறுதிமொழியை 1892-ல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். மத போதகரே எழுதியும் அதில் கடவுளைச் சேர்க்கவில்லை. 62 ஆண்டு கழித்து நாடாளுமன்றம் சேர்த்தது.

"ஆதிகாலத்திலிருந்து வரும் பாரம்பரியம்" என்று வாதிடுவோர் இந்தத் தேதிகளை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். அரசமைப்பின் உள்ளேயே "கடவுளின் பெயரால்" என்று இருக்கிறது. மதத்தையும் அரசையும் எது நன்றாகப் பிரிக்கிறது என்பதுதான் நான் இங்கே வைக்க விரும்பும் கேள்வி. விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதிவு 2 | சாய்வுக்கோடு

கல்வெட்டு சார், இந்திய வாசகத்தை அச்சிட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். மூன்றாம் அட்டவணையில் ஒரே வரியில், ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு மாற்றுகள்: மேலே "கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன்", கீழே "உளமார உறுதி கூறுகிறேன்". எது இயல்பு, எது விதிவிலக்கு என்று சட்டம் சொல்லவே இல்லை. குடியரசுத் தலைவருக்குப் பிரிவு 60, துணைத் தலைவருக்கு 69, ஆளுநருக்கு 159, இந்த மூன்றிலும் வாசகம் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. அமைச்சர்கள், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எல்லோருக்கும் மூன்றாம் அட்டவணை.

இது தானாக அமைந்ததில்லை. அரசியல் நிர்ணய சபைக்கு வந்த வரைவில் கடவுள் இல்லை. 1948 டிசம்பர் கடைசியில் குடியரசுத் தலைவர் உறுதிமொழி விவாதத்துக்கு வந்தபோது எச்.வி. காமத், மகாவீர் தியாகி போன்ற உறுப்பினர்கள் கேட்டுச் சேர்த்தார்கள். சபை ஏற்றுக்கொண்டது, ஆனால் மாற்று வாசகத்தையும் கூடவே வைத்துக்கொண்டது.

அதே காமத் 1949 அக்டோபர் 17-ல் முகவுரையை "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றது. எதிர்த்தவர்கள் எல்லாம் நாத்திகர்கள் என்று நினைக்க வேண்டாம். திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணுப் பிள்ளை தான் ஒரு இறைநம்பிக்கையாளர் என்று சொல்லிவிட்டுத்தான் எதிர்த்தார். நம்பவும் நம்பாமலிருக்கவும் உரிமை தரும் சட்டத்தின் முகப்பில் இதை வைத்தால் அது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயமாகிவிடும் என்பது அவர் வாதம்.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முகவுரை "நாம்" பேசுவது. அங்கே கடவுளைச் சேர்த்தால் எல்லோர் வாயிலும் திணிப்பதாகும். உறுதிமொழி "நான்" பேசுவது. அங்கே அந்த ஆள் தனக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். என் கணக்கில் இது அமெரிக்க ஏற்பாட்டைவிடத் தெளிவானது.

பதிவு 3 | வேணி

மூன்று பதிவுக்குள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதற்கு முன் ஒரு மாற்றுக் கருத்து. நான் நம்பிக்கை உள்ளவள். கடவுள் பெயர் இல்லாத சத்தியம் எனக்குப் பாதிச் சத்தியம்தான். அரசு மதச்சார்பற்றது என்பதற்காகப் பதவியேற்பவரின் நாவிலிருந்து கடவுளை எடுத்துவிட முடியாது.

இன்னொன்று. "உறுதி கூறுகிறேன்" என்ற மாற்று நாத்திகருக்காக வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். வரலாறு வேறு. அதைக் கேட்டு வாங்கியவர்கள் குவேக்கர் கிறிஸ்தவர்கள். "எவ்விதத்திலும் ஆணையிட வேண்டாம்" என்பது மத்தேயு 5:34. கடவுள் பெயரைச் சொல்லி ஆணையிடுவதே பாவம் என்று கருதிய ஆழ்ந்த பக்தர்கள் அவர்கள். இங்கிலாந்தில் 1690-களிலேயே அவர்களுக்குச் சட்டம் வழிவிட்டது. அமெரிக்க அரசமைப்பில் இருக்கும் "அல்லது உறுதி கூறுகிறேன்" அந்த மரபில் வந்ததுதான். 1853-ல் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் பியர்ஸ் ஆணையிடாமல் உறுதி மட்டும் கூறிப் பதவியேற்றார். அவர் நாத்திகர் இல்லை.

சபைக் கூட்டம் தொடங்கும் முன் பிரார்த்தனை செய்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-ல் நெப்ராஸ்கா வழக்கிலும், 2014-ல் நியூயார்க் மாநிலத்துக் கிரீஸ் நகர வழக்கிலும் அனுமதித்தது. முதல் நாடாளுமன்றமே சம்பளத்துக்குச் சபைப் போதகரை வைத்திருந்தது என்பதுதான் காரணம். பழைய வழக்கங்களை எல்லாம் வேரோடு பிடுங்கினால்தான் மத-அரசுப் பிரிவினை என்று யார் சொன்னது?

பதிவு 4 | குறுக்குவிசாரணை

வேணி அக்கா, குவேக்கர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு வழக்கும் வளர்ந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் சபை பற்றியவை. கொடி உறுதிமொழி ஐந்து வயதுக் குழந்தை தினமும் வகுப்பில் சொல்வது. அங்கே நீதிமன்றத்தின் கணக்கே வேறு.

1940-ல் கோபைட்டிஸ் வழக்கு: யெகோவாவின் சாட்சிகள் குழந்தைகள் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்ததால் பள்ளி வெளியேற்றியது, உச்ச நீதிமன்றம் 8-1 என்று பள்ளி பக்கம் நின்றது. அதன்பின் அந்த மதத்தினர் மீது நாடெங்கும் தாக்குதல்கள். மூன்றே ஆண்டில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே கவிழ்த்தது: பார்னெட் வழக்கு, 1943 ஜூன் 14. எந்த மாணவரையும் வணக்கம் செலுத்தவோ உறுதிமொழி சொல்லவோ கட்டாயப்படுத்த முடியாது. கவனியுங்கள், அப்போது உறுதிமொழியில் கடவுளே இல்லை. பார்னெட்டின் அடிப்படை மதச் சுதந்திரம் மட்டுமில்லை, பேச்சுச் சுதந்திரம். எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும், மறுக்கலாம்.

"கடவுளின் கீழ்" வந்தபின் நடந்த பெரிய வழக்கு நியூடவ், ஒரு பள்ளி மாணவியின் தந்தை தொடுத்தது. 2002-ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சொற்கள் செல்லாது என்றது. 2004-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தந்தைக்கு மகள் சார்பில் வழக்காடும் தகுதி இல்லை என்று தள்ளிவிட்டது. சாராம்சத்துக்குள் போகவே இல்லை. அதுவும் ஒரு ஜூன் 14, அந்நாட்டின் கொடி நாள்.

நடைமுறையில் சிக்கல் எங்கே என்றால், விலகும் வழியில். டெக்சாசிலும் புளோரிடாவிலும் மாணவர் விலக வேண்டுமென்றால் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும் என்று மாநிலச் சட்டம். புளோரிடா சட்டம் 2008-ல் பதினோராம் வட்ட நீதிமன்றத்துக்குப் போனது. எழுந்து நிற்கச் சொல்லும் கட்டாயம் போய்விட்டது, பெற்றோர் கடிதம் வேண்டும் என்பது நின்றுவிட்டது. ஆக உரிமை இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்த வீட்டிலிருந்து கடிதம் வாங்கி, அலுவலகத்தில் கொடுத்து, வகுப்பாசிரியருக்குத் தெரிந்து, முப்பது பேர் நிற்கும்போது ஒருவர் உட்கார வேண்டும். நம்பிக்கை இல்லாத குழந்தை தன்னை எல்லோருக்கும் அறிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்பிக்கை உள்ள குழந்தைக்கு அந்தச் சுமை எதுவும் இல்லை. இதைத்தான் நான் பிரிவினை இல்லை என்கிறேன்.

இந்தியாவில் இதற்கு நேர் இணை பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் மூன்று குழந்தைகள், அதே யெகோவாவின் சாட்சிகள். தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971 தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் 3-ம் பிரிவு பாடவிடாமல் தடுப்பதையும் பாடும் கூட்டத்தில் இடையூறு செய்வதையும்தான் தண்டிக்கிறது, வாய் மூடி நிற்பதை அல்ல. பள்ளியில் சொல்லும் "இந்தியா என் தாய்நாடு" உறுதிமொழி 1962-ல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதியது. அதில் கடவுள் பேச்சே கிடையாது என்பதால் அந்தச் சண்டை இங்கே வரவில்லை.

பதிவு 5 | பதிவேடு

கோட்பாடு நன்றாகப் போகிறது. உறுதிமொழி நடைமுறையில் எங்கே இடறுகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் வேட்பாளர் உறுதிமொழி. வெற்றி பெற்றபின் எடுப்பது வேறு, போட்டியிடும்போதே எடுப்பது வேறு. அரசமைப்பின் பிரிவு 84(அ), 173(அ) கீழ் வருவது இரண்டாவது வகை. 1963-ல் பதினாறாவது திருத்தம் கொண்டுவந்தது. "இறையாண்மை, ஒருமைப்பாடு" என்ற சொற்கள் உறுதிமொழிகளில் நுழைந்ததும் அப்போதுதான். இதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. வேட்புமனு கொடுத்த பிறகுதான் எடுக்கலாம், முன்னால் எடுத்தால் செல்லாது. பரிசீலனை நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். பரிசீலனை அன்று காலையில் போய் "இதோ எடுக்கிறேன்" என்றால் நேரம் கடந்துவிட்டது. 1968-ல் பசுபதிநாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்படித் தவறினால் மனு தள்ளுபடிதான், வாசகத்தில் எந்த மாற்றைத் தேர்ந்தீர்கள் என்பதெல்லாம் அப்புறம்.

தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ உதவி அலுவலர் முன்போ எடுக்கலாம். சிறையில் இருப்பவருக்குச் சிறைக் கண்காணிப்பாளர், மருத்துவமனையில் இருப்பவருக்கு அங்குள்ள மருத்துவ அதிகாரி. ஒரே அவைக்கு இரண்டு தொகுதியில் நின்றால் ஒரு முறை எடுத்தால் போதும். படிவத்தில் இரண்டு மாற்றில் வேண்டாததை அடித்துவிட்டு, வேண்டியதை வாய்விட்டு வாசித்து, கையெழுத்திட்டு, உறுதிமொழி எடுத்ததற்கான சான்றைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். பின்னால் கேள்வி வந்தால் எடுத்தேன் என்று காட்ட வேண்டியது வேட்பாளர் பொறுப்பு.

அடுத்தது அவைக்குள் நடப்பது. மக்களவையில் பெயர் கூப்பிட்டதும் உறுப்பினர் மேசைக்கு வந்து தேர்தல் சான்றிதழைக் கொடுப்பார். அவர் விரும்பிய மொழியில், விரும்பிய வாசகம் அச்சிட்ட தாள் கையில் தரப்படும். அவைத் தலைவரைப் பார்த்து நின்று வாசிப்பார், கைகுலுக்குவார், நாற்காலிக்குப் பின்புறமாக மறுபக்கம் வந்து உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்திடுவார். வாசிப்பது, கையெழுத்து இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. அது முடியாமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம்: நாடாளுமன்றத்துக்குப் பிரிவு 104, சட்டமன்றத்துக்கு 193. உறுதிமொழி எடுக்காதவர் உறுப்பினரே இல்லை என்றும் ஆகாது. மாநிலங்களவைத் தேர்தலில் ஒருவரை முன்மொழிய அவருக்குத் தடையில்லை என்று 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வாசகத்தை மாற்றினால்? மூன்று உதாரணம் போதும்.

1989 டிசம்பர் 2: தேவிலால் "அமைச்சர்" என்று வாசிக்க வேண்டிய இடத்தில் "துணைப் பிரதமர்" என்றே வாசித்தார். பதவிப்பிரமாணம் செய்து வைத்தவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். வழக்கு போனபோது உச்ச நீதிமன்றம், பதவிப் பெயர் வெறும் விவரிப்பு, உறுதிமொழியின் சாரம் கெடவில்லை என்று விட்டுவிட்டது.

கேரளத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் 2001-ல் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் உறுதிமொழி எடுத்தார். 2003-ல் உயர் நீதிமன்றம் அது மூன்றாம் அட்டவணை வாசகத்துக்கு ஒத்துவரவில்லை என்றது. பதவிப் பெயரை மாற்றுவது வேறு, யார் பெயரால் ஆணையிடுகிறோம் என்பதை மாற்றுவது வேறு. இரண்டாவது சாரத்தையே தொடுகிறது.

2024 ஜூனில் மக்களவை உறுப்பினர்கள் பலர் வாசகத்துக்கு முன்னும் பின்னும் முழக்கங்கள் சேர்த்தார்கள். அதற்கடுத்து சபாநாயகர் ஓம் பிர்லா தன் வழிகாட்டுதலில் திருத்தம் செய்து, வாசகத்துக்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ எந்தச் சொல்லும் கூடாது என்று எழுத்தில் வைத்தார். என்னைக் கேட்டால் இது முன்பே வந்திருக்க வேண்டும். மத முழக்கமோ கட்சி முழக்கமோ, அட்டவணையில் இல்லாத ஒன்று உறுதிமொழியோடு ஒட்டிக்கொண்டால் அமெரிக்காவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்: நாற்பது ஆண்டு கழித்து அதையே பாரம்பரியம் என்பார்கள்.

பதிவு 6 | கிழக்குக்கரை

நீதிமன்றச் சாட்சிகள் விஷயத்தையும் யாராவது எழுதுங்களேன். சினிமாவில் எப்போதும் கீதை மேல் கை வைத்துத்தான் "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்கிறார்கள். சட்டத்தில் அப்படி இருக்கிறதா?

பதிவு 7 | குறுக்குவிசாரணை

இல்லை. எந்த மத நூலும் தேவையில்லை. நடப்பில் இருப்பது 1969-ம் ஆண்டு உறுதிமொழிகள் சட்டம். அதன் அட்டவணையில் உள்ள சாட்சி வாசகமும் அரசமைப்பு மாதிரிதான்: கடவுளின் பெயரால் ஆணை, அல்லது உளமார உறுதி. 5-ம் பிரிவு ஆணைக்குப் பதில் உறுதி கூறலாம் என்கிறது. காரணம் கேட்க வழியே வைக்கவில்லை.

பழைய கதை சுவையானது. கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்களில் இந்துக்களுக்குக் கங்கை நீர், முஸ்லிம்களுக்குக் குர்ஆன் என்று தனித்தனிச் சத்தியம் இருந்தது. 1840-ம் ஆண்டின் 5-ம் சட்டம் அதை எடுத்துவிட்டு, எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் உறுதி கூறும் பொது வாசகத்தைக் கொடுத்தது. 1873 சட்டத்திலும் ஒரு கதவு திறந்தே இருந்தது: எதிர்த்தரப்பு தன் சமூக வழக்கப்படி சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடி சொல்லலாம். 1969 சட்டம் அந்தக் கதவையும் மூடிவிட்டது.

சாட்சிக் கூண்டில் ஏறுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது:

ஏறுவதற்கு முன்பே பெஞ்ச் கிளார்க்கிடம், அல்லது உங்களை அழைத்த வழக்கறிஞர் மூலம், "உறுதி கூறுகிறேன்" வாசகம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கூண்டில் ஏறி, கிளார்க் பாதி வாசித்தபின் நிறுத்தினால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு உங்கள் நம்பிக்கையைப் பற்றித் தேவையில்லாத கேள்விக்கு இடம் தேடும்.

உறுதி கூறினால் பொய் சொல்லலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். பொது விதிகள் சட்டப்படி "ஆணை" என்பதில் "உறுதி"யும் அடக்கம். பொய்ச் சாட்சிக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 193, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 229. நீதிமன்ற நடவடிக்கை என்றால் ஏழு ஆண்டு வரை. இரண்டு வாசகத்துக்கும் ஒரே தண்டனை.

12 வயதுக்குட்பட்ட குழந்தை, உண்மை பேச வேண்டும் என்பது புரிந்தும் சத்தியத்தின் தன்மை புரியாமலிருந்தால், உறுதிமொழி இல்லாமலே சாட்சியம் பதியலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்புச் சாட்சியாகத் தானே வந்தாலொழிய அவருக்கு உறுதிமொழி கொடுக்கவே கூடாது. உறுதிமொழியில் ஏதாவது முறைகேடு நேர்ந்துவிட்டால் விசாரணை செல்லாததாகிவிடாது, 7-ம் பிரிவு காப்பாற்றும்.

பிரமாணப் பத்திரத்தில் அடிக்கடி பார்க்கும் கோளாறு: மேலே "உளமார உறுதி கூறுகிறேன்" என்று டைப் செய்துவிட்டு, கீழே நோட்டரி வரியில் பழைய மாதிரியின்படி "கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்தார்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகும்படி முதலிலேயே திருத்திவிடுங்கள்.

பதிவு 8 | கல்வெட்டு

நல்ல தகவல். அமெரிக்காவில் இதற்கு இணையான படிவத்தைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். கூட்டாட்சி அரசு வேலையில் சேர்பவர் கையெழுத்திடும் நியமனப் படிவம் 61-ல் "ஆணையிடுகிறேன்", "கடவுள் துணை நிற்பாராக" இரண்டும் அச்சிலேயே இருக்கின்றன. உறுதி கூற விரும்புபவர் அந்தச் சொற்களைக் கோடு போட்டு அடிக்கலாம், வேறு எதையும் அடிக்கக் கூடாது என்று அதன் பழைய பதிப்பில் குறிப்பு இருந்தது. உரிமை தந்திருக்கிறார்கள், சரி. ஆனால் வேலைக்குச் சேரும் முதல் நாள், மேலதிகாரி முன்னால், அச்சிட்ட கடவுளை அடிக்கச் சொன்னது அந்தத் தாள். அடிக்கப்பட்ட கோடு பணிக் கோப்பில் என்றைக்கும் இருக்கும்.

அடிக்கவும் விடாத காலம் ஒன்று இருந்தது. விமானப்படை 2013-ல் தன் மறுசேர்ப்பு விதியிலிருந்து "விரும்பாதவர் விட்டுவிடலாம்" என்ற வரியை எடுத்துவிட்டது. நெவாடாவில் ஒரு வீரர் அந்தச் சொற்களை அடித்துக் கொடுத்தபோது படிவத்தை ஏற்கவில்லை. 2014 செப்டம்பரில் பாதுகாப்புத் துறைச் சட்ட ஆலோசகரின் கருத்தைக் கேட்டபின் விமானப்படை விதியைத் திருத்தியது. 1961-லேயே டோர்காசோ வழக்கில், நோட்டரி பதவிக்குக் கடவுள் நம்பிக்கை கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன நாட்டில் இது நடந்தது.

குடியுரிமை எடுக்கும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. குடியேற்ற விதிகள் 337.1 படி "கடவுள் துணை நிற்பாராக" என்பதை விட்டுவிட்டு, "ஆணையாக" என்ற இடத்தில் "உளமார உறுதி" என்று மாற்றிக்கொள்ளலாம். இதற்கு ஆவணமோ சாட்சியமோ தேவையில்லை. ஆயுதம் ஏந்துவேன் என்ற பகுதியை விடுவது வேறு விஷயம், அதற்கு நம்பிக்கையின் அடிப்படையை நிரூபிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடவுள் வரிக்காக வழிபாட்டுத் தலத்தில் கடிதம் வாங்க அலைய வேண்டாம். நேர்காணலில் அதிகாரியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியா இதைச் சுலபமாக்கிவிட்டது. "கடவுளின் கீழ்" உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று குடியுரிமை உறுதிமொழியே இரண்டு வடிவத்தில் சட்ட அட்டவணையில் இருக்கிறது. யாரும் எதையும் அடிக்க வேண்டியதில்லை.

பதிவு 9 | வேணி

அந்தப் படிவம் பற்றி எழுதியதைப் படித்தபின் ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: அச்சிட்டதை அடிக்கச் சொல்வது நியாயமில்லை. கடவுள் பெயரைத் தானாக விரும்பிச் சொல்வதில்தான் எனக்கும் அர்த்தம் இருக்கிறது. அடிக்காமல் விட்டதால் சொன்னதாகிவிடும் பக்தி யாருக்கு வேண்டும்?

ஆனால் நம் வீட்டுப் பக்கம் ஒரு கேள்வி. தமிழ்த்தாய் வாழ்த்து? மொழியைத் தெய்வமாக்கி வாழ்த்துகிறோம், 2021 டிசம்பர் 17 முதல் அது மாநிலப் பாடல், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அரசாணை. மதச்சார்பின்மை பேசும் மாநிலத்தில் இது மட்டும் எப்படிச் சரி? நான் அந்தப் பாட்டுக்கு மனசார எழுந்து நிற்பவள், அதனால்தான் கேட்கிறேன்.

பதிவு 10 | சாய்வுக்கோடு

முக்கியமான கேள்வி அக்கா. மனோன்மணீயம் நாடகத்தில் (1891) சுந்தரம் பிள்ளை எழுதிய மூலத்தையும் 1970-ல் அரசு எடுத்துக்கொண்ட வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் சில அடிகள் விடப்பட்டன. "ஆரியம்போல்" என்று வரும் அடி விடப்பட்டதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதற்கு முன்னால் "எல்லையறு பரம்பொருள்" என்று, உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் இறைவனைச் சொல்லும் அடிகளும் விடப்பட்டன, கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு தமிழிலிருந்து பிறந்ததாகச் சொல்லும் அடியும் விடப்பட்டது. அரசுப் பாட்டில் மிஞ்சியிருப்பது நிலமடந்தை, தமிழணங்கு என்ற உருவகம். எந்த மதத்தின் இறைவனும் அதில் இல்லை. எந்த நோக்கத்தில் விட்டிருந்தாலும் விளைவு அதுதான்.

எழுந்து நிற்பது பற்றி: அந்த அரசாணைக்குச் சில நாள் முன்புதான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இது வழிபாட்டுப் பாடல், எழுந்து நிற்கக் கட்டாயப்படுத்தும் சட்டமோ ஆணையோ இல்லை என்று சொல்லியிருந்தார். அரசாணை அதற்குப் பதிலாக வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு, பாட்டு 55 நொடி. ஆனால் மனசாட்சி காரணமாக நிற்காதவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு பிஜோ இம்மானுவேல் தீர்ப்பின் தர்க்கம் இங்கேயும் பொருந்தும் என்பது என் கருத்து. இடையூறு செய்யாமல் அமைதியாக இருப்பவரைத் தண்டிக்க முடியாது. தேசிய கீதத்துக்கு இல்லாத கட்டாயம் மாநிலப் பாடலுக்கு எப்படி வரும்? நமக்குப் பிடித்த பாட்டு என்பதற்காக அளவுகோலை மாற்றக் கூடாது.

பதிவு 11 | கிழக்குக்கரை

கடல் தாண்டி இரண்டு வரி. சிங்கப்பூர் உறுதிமொழி 1966-ல் வந்தது, வரைவு எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். இனம், மொழி, மதம் பாராமல் என்று வெளிப்படையாகச் சொல்கிறது, கடவுள் இல்லை. மலேசியாவின் தேசியக் கோட்பாட்டு உறுதிமொழியான ருக்குன் நெகாரா 1970 ஆகஸ்ட் 31-ல் வந்தது, ஐந்து கோட்பாட்டில் முதலாவதே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பக்கத்துப் பக்கத்து நாடு, நான்காண்டு இடைவெளி, இரண்டு பள்ளிகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ஐரோப்பாவில் ஒரு வழக்கு தெரிந்திருக்க வேண்டும்: சான் மரினோ நாடாளுமன்ற உறுப்பினர்களை நற்செய்தி நூல்களின் மேல் உறுதிமொழி எடுக்க வைத்தது மனசாட்சிச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. ஜெர்மனியில் அடிப்படைச் சட்டம் 56-ம் பிரிவே மத வரியை விட்டுவிடலாம் என்கிறது. பிரதமராகப் பதவியேற்றபோது 1998-ல் ஷ்ரோடரும் 2021-ல் ஷோல்சும் விட்டார்கள்.

பதிவேடு சார், ஒரு சந்தேகம். சட்டமன்றத்தில் ஒருவர் பதற்றத்தில் "கடவுளின் பெயரால் உளமார" என்று இரண்டையும் சேர்த்து வாசித்துவிட்டால்?

பதிவு 12 | பதிவேடு

தேவிலால் வழக்கின் போக்கைப் பார்த்தால் அதற்காகவே பதவி போய்விடாது. அட்டவணையில் இல்லாத எதுவும் அவர் வாயில் வரவில்லை, இரண்டு மாற்றும் ஒன்றாக வந்துவிட்டன. ஆனாலும் வழக்குக்கு வாசல் திறந்து வைப்பானேன்? பதிவேட்டில் கையெழுத்திடும் முன்பே தற்காலிக சபாநாயகர் நிறுத்தி, "நான்" என்ற சொல்லிலிருந்து திரும்ப முழுவதும் வாசிக்கச் சொல்வதே பாதுகாப்பு. பிழைத்த வரியை மட்டும் திருத்தி வாசிப்பது போதாது, ஏனென்றால் உறுதிமொழி ஒரே வாக்கியம், வினைமுற்று கடைசியில்தான் வருகிறது.

இது நேராமல் இருக்கச் செயலகம் செய்யக்கூடியது எளிது. மொழி எது, வாசகம் எது என்று முந்தைய நாளே உறுப்பினரிடம் தனியாகக் கேட்டு, அவர் தேர்ந்த ஒற்றை வாசகம் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளைத் தயாராக வைக்க வேண்டும். இரண்டு மாற்றும் உள்ள தாளைக் கொடுத்து, மேடையில் நின்று தேர்ந்துகொள்ளச் சொல்லக் கூடாது. தாள்கள் ஒரே நிறம், ஒரே அளவு. யார் எதைக் கேட்டார் என்பது அவர் வாசிக்கும்வரை வெளியே தெரிய வேண்டியதில்லை. பதில் சொல்லாதவருக்கு எந்த வாசகத்தையும் இயல்பாக எடுத்துக்கொள்ளாமல் திரும்பக் கேளுங்கள்.